மன்னிப்பு வீடியோவில் நான் சேர்த்த வரி

தம்பி,

நீ ஷார்ஜா போய் நாற்பது நாள் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் போன் பண்ணுகிறாய். சாப்பிட்டீங்களா என்கிறாய், மாத்திரை போட்டீங்களா என்கிறாய், நானும் ஆச்சு ஆச்சு என்கிறேன், உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். முப்பது வருஷமாக ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு திருச்சி முழுக்கக் கத்தியவன் நான். பெற்ற பிள்ளையிடம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ மன்னிப்புக் கேட்டதை ஊரே பார்த்தது. நான் கேட்பதை உன் காதோடு காதாகச் சொல்லி முடித்துக்கொண்டால் அது நியாயம் இல்லை. அந்த வீடியோவில் உன் நண்பன் ரியாஸ் பெயர் வருகிற ஒரு வரி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைப்பேன், பொறுத்துக்கொள். அன்பார்ந்த பொதுமக்களே என்று ஆரம்பிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்து எனக்குப் பழக்கம் இல்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கரண்ட் நிறுத்தம், கண்காட்சி, எதுவாக இருந்தாலும் தாளைக் கொடுத்தால் வாசிப்பேன். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, மத்தியானத்துக்கு மேல் அதை எதிர்த்து நிற்கிற கட்சி. அதே ஆட்டோ, அதே வாய். கொடியை மட்டும் மாற்றிக் கட்ட வேண்டும், அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துக்கொள்வேன். நீ நாலாவது படிக்கும்போது, நீங்க உண்மையில யாருக்குப்பா ஓட்டுப் போடுவீங்க என்று கேட்டாய். அது தொழில் ரகசியம்டா என்று சிரித்தேன். மைக் பிடிக்கிறவனுக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது என்று நான் உனக்குச் சொன்னது அன்றுதான். அதை ஏதோ பெரிய ஞானம் போலச் சொன்னேன். உனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டத்தில் காணாமல் போனவர்களை அறிவிக்கிற பந்தலில் நான் வருஷா வருஷம் உட்காருவேன். லீவு நாளில் நீயும் வருவாய். சீட்டை வாங்கி, நீலச் சட்டை, வலது கையில் கறுப்புக் கயிறு, பெயர் கேட்டால் அழுகிறான் என்று நீயே வாசிப்பாய். மூச்சை எங்கே எடுக்க வேண்டும், பெயர் வரும் இடத்தில் எப்படி நிதானிக்க வேண்டும் என்றெல்லாம் அங்கேதான் சொல்லிக் கொடுத்தேன். பெயரை விழுங்கினால் தேடி வந்தவனுக்குப் பிரயோஜனம் இல்லை என்பேன். பந்தோபஸ்துக்கு வந்த ஒரு எஸ்.ஐ. உனக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்து, இவன் உங்களை மிஞ்சிடுவான் என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாம் இருந்தது வாய்க்கால் கரையில். எண்பது வீடு, இரண்டு குழாய், ஒரு அம்மன் கோயில். யார் கேட்டாலும் புத்தூர் என்று சொல்லப் பழக்கினேன், உன் அம்மாவையும் உன்னையும். புத்தூர் என்றால் ஆஸ்பத்திரி, கடை, படித்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வாய்க்கால் கரை என்றால் அடுத்து என்ன ஆளுங்க என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் முகத்தில் தெரியும். கே.கே. நகரில் ஒரு ஷோரூமுக்கு இன்டர்வியூ போனாயே, அப்போதும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். நீயும் புத்தூர் சார் என்று சொல்லியிருக்கிறாய். அங்கிருந்த மேனேஜர் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கரையோரம்தானே தம்பி, நாங்க கூப்பிடறோம் என்று ஃபாரத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நீ கோபப்படக்கூட இல்லை. "கரைக்காரன்னு ஒரு அசிங்கம், பொய் சொன்னவன்னு இன்னொரு அசிங்கம். ரெண்டாவது உங்களால வந்ததுப்பா" என்றாய். உன் சட்டையை அயர்ன் பண்ணி அனுப்பியவள் உன் அம்மா. அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ ரியாஸுடன் சேர்ந்து ராப், ராப் என்று கிளம்பினாய். பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு சந்தில் அவன் அப்பாவின் தையல் கடை, அதன் பரணில் ஒரு பழைய லேப்டாப். நீ எழுதுவாய், அவன் தாளம் போடுவான். இரண்டு பேரும் பரணிலிருந்து இறங்கும்போது தலையெல்லாம் துணிப் பிசிறு. எனக்கு அது பாட்டாகவே படவில்லை. இது பாட்டா வாய்த்தகராறா என்று கேட்டேன். ரெண்டும்தாம்பா என்றாய். ரியாஸ் சிரித்துவிட்டான். அப்போதெல்லாம் அவன் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவான், நம் வீட்டில் சட்டியைத் திறந்து பார்த்துச் சாப்பிடுவான், உன் அம்மா குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லத் தைரியம் இருந்தது அவனுக்கு மட்டும்தான்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நகைக் கண்காட்சி அறிவிப்பை முடித்துவிட்டு டீக்கு நிறுத்தியிருந்தேன். பின்னால் கைதட்டுச் சத்தம். முப்பது பையன்கள் வட்டமாக நிற்கிறார்கள், ஒருவன் மாற்றி ஒருவன் நடுவில் வந்து பாடுகிறான். நீ வந்தாய். எங்கே வீடு என்று யாரும் கேட்கவில்லை, நீயே வாய்க்கால் கரை என்று சொல்லித்தான் ஆரம்பித்தாய்.

எங்க தெரு பேரச் சொன்னா ஃபாரம் திரும்பி வருது,
எங்க ஓட்டு மட்டும் எப்படி எண்ணிக்கையில சேருது?
வாய்க்காலுக்குப் பேரு இருக்கு, மேப்புல அது இருக்கு,
வாய்க்காலோரம் நாங்க இருக்கோம், எங்க பேரு எங்க இருக்கு?

நான் ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இருபது வருஷம் நான் மூடி மூடி வைத்ததை நீ பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துகிறாய் என்று முதலில் உடம்பு கூசியது. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ என்ன பாடுறான் என்று கேட்டதற்கு, "எங்க வீட்டு விஷயத்தத்தான் பாடுறான், காது குடுத்துக் கேளு" என்றாள். என் அறிவிப்பைக் கேட்டு யாரும் இதுவரை கூடையை இறக்கி வைத்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது தம்பி. பொறாமையும் இருந்தது, பெருமையும் இருந்தது. வீட்டுக்கு நீ வந்ததும் நான் சொன்னது என்ன தெரியுமா, தொண்டை கட்டப் போகுது, மிளகு போட்டுப் பால் குடி. அவ்வளவுதான் சொன்னேன். நல்லா இருந்துச்சுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் வாய்க்காலை அகலப்படுத்தக் கரையைக் காலி பண்ணப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கு வழக்கமாக அரசு அறிவிப்பு வேலை பிடித்துத் தருகிறவர் ஒரு தாளைக் கொடுத்தார். எந்தெந்தத் தெருவில் வாசிக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. நம் தெருவும் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் இல்லை என்றால் இன்னொருத்தன் வாசிப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நம் வீட்டு வாசல் வழியாகவே ஆட்டோ போனது. ஆக்கிரமிப்பாளர்கள் பதினைந்து நாட்களுக்குள் தாங்களாகவே காலி செய்து ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆக்கிரமிப்பாளர்கள் என்ற சொல்லை நான் ஒரு பிசிறில்லாமல் சொன்னேன், தொழில் சுத்தம் அப்படி. உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயடியில் சரோஜா அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவை மறித்தாள். "எங்களுக்கு மட்டும் சொல்றியா, உனக்கும் சேத்துச் சொல்லிக்கிறியா?" என்று கேட்டாள். நான் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். தெருமுனையில் நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரே வாரத்தில் பாட்டு வந்துவிட்டது. முதலில் என் குரல், அந்த அறிவிப்பு அப்படியே. அது பாதியில் வெட்டுப்பட்டு உன் குரல் வருகிறது. ஆட்டோ ஸ்டாண்டில், டீக்கடையில், காலேஜ் பையன்கள் போனில், எங்கே போனாலும் அதுதான். திருச்சியில் என் முகத்தைத் தெரியாதவன் இருக்கலாம், குரலைத் தெரியாதவன் இல்லை. அண்ணே உங்க வீட்டுலயே வெச்சு செஞ்சுட்டாங்களே என்று கிண்டல் பண்ணினார்கள். என் குரல் வந்து நிற்கிற இடத்திலேயே நான் பாட்டை அணைத்துவிடுவேன். மேலே கேட்கவில்லை. பெற்ற அப்பனை ஊர் சிரிக்க வைத்துவிட்டான் என்று உன் அம்மாவிடம் குதித்தேன். மூன்று நாள் உன்னுடன் பேசவில்லை. நீ சொல்ல வந்தபோதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது. ஏகாதசிப் பந்தலில் உனக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்தவர், இப்போது இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "பையன் நல்ல பையன்னு எனக்குத் தெரியுங்க. மேல உள்ளவங்க பாத்துட்டாங்க. ரெண்டு வரி மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, நான் முடிச்சு விட்டுடறேன்" என்றார். தெரியாமல் பாடிவிட்டேன், யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். அவர் கேட்டது இவ்வளவுதான் தம்பி. நன்றாகக் கவனி, இவ்வளவுதான்.

எதிர்க் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். இரண்டு வரி எனக்குப் போதவில்லை. இது யாரை நம்ப வைக்கும், நாளைக்கு வேறு ஒரு அதிகாரி வந்து பாட்டை எழுதியவன் யார் என்று தோண்டினால் என்ன செய்வது, உனக்கு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிறதே என்று பயம். பயத்தில் கை தானாக ஒரு வரியைச் சேர்த்தது. என் நண்பன் ரியாஸ் எழுதிக் கொடுத்ததைத்தான் அர்த்தம் தெரியாமல் நான் பாடிவிட்டேன். கை தானாகச் சேர்த்தது என்று சொல்வதுகூடப் பொய்தான். யோசித்துத்தான் சேர்த்தேன். நம் தெருப் பையன் எவன் பெயரையாவது போட்டிருக்கலாம், சும்மா ஒரு நண்பன் என்று விட்டிருக்கலாம். ரியாஸ் என்ற பெயரைப் போட்டால் பார்க்கிறவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நம் தெருப் பெயரைக் கேட்டதும் ஒருத்தர் முகம் எப்படி மாறும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே முகத்தை அவன் பக்கம் திருப்பி விட்டேன். என் தட்டில் சாப்பிட்ட பிள்ளை அவன்.

ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கான்ஸ்டபிள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ தாளை வாங்கி மனதுக்குள் படித்தாய். அந்த வரி வந்ததும் தலையைத் தூக்கி, இது எதுக்குப்பா என்றாய். அவங்க கேட்டாங்க என்றேன். அவங்களா என்று மறுபடி கேட்டாய். ஆமா என்றேன். நீ வாசித்தாய். கான்ஸ்டபிள் போதும்யா என்றார். நான் விடவில்லை. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, முப்பது வருஷப் பழக்கம் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உணர்ச்சி பத்தலை, பேரை விழுங்கிட்டே, ரியாஸ்னு தெளிவா விழணும், இன்னொரு தடவை சொல்லு என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் சாகிற வரை மறக்க முடியாது. பிறகு இன்னொரு தடவை வாசித்தாய். நான் கேட்டபடியே, அவன் பெயர் தெளிவாக விழும்படி.

அதன் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தையல் கடைக்கு ஆட்கள் வந்தார்கள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ரியாஸை மூன்று நாள் காலையில் வரச் சொல்லிச் சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உனக்குத் தெரியாத பாதி இது. ஷார்ஜாவில் இருக்கும் அவன் அண்ணன் அவனுக்கு விசா பேசி வைத்திருந்தார். பாஸ்போர்ட் விசாரணை அந்த வீடியோவோடு நின்றுவிட்டது. நீ அதே ஷார்ஜாவில் இருக்கிறாய். அவன் பரணிலிருந்து இறங்கி மெஷினில் உட்கார்ந்துவிட்டான்.

இத்தனை செய்தும் நம் வீடு தப்பவில்லை. வீடியோ வந்த மாதமே இடித்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே மூன்றாவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள், காற்று நன்றாக வருகிறது, குறை சொல்லக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் உன் அம்மா கூட்டிப் பெருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். நீ அந்த வீட்டில் இருந்த ஏழு மாதத்தில் ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தரம் திரும்பினாய். அம்மாவுக்குக் கையைக் காட்டினாய். எனக்குத் தலையை ஆட்டினாய், கடைக்காரரிடம் சில்லறை சரியாக இருக்கிறது என்று ஆட்டுவது போல.

நீ போன மூன்றாவது வாரம் நானும் அம்மாவும் ஒன்றாக பஸ்ஸில் போனோம். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்கிறாய் என்றேன். ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். உன் பாட்டு. தினமும் கேட்கிறாளாம், போக வர. என் குரல் முடிந்தது, அணைக்கப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் தம்பி அடுத்த வரிகளை முதன்முதலாகக் கேட்டேன்.

இந்தக் குரல் யாரு குரலு? எங்கப்பாவோட குரலு.
அந்தப் பேப்பர் யாரு பேப்பர்? நீட்டிக் காட்டு விரலு.
அவரு வாயில வந்ததெல்லாம் அவரு சொன்னதில்ல,
அவரு சொல்ல நெனச்சதெல்லாம் மைக்குல ஏறவில்ல.

பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் நான் அழுதேன். நீ என்னைக் கேலி பண்ணவில்லை. என்னைத் திட்ட வருகிறவனை மறித்துக்கொண்டு முன்னால் நின்றிருக்கிறாய். அதைக் கேட்கப் பொறுமை இல்லாத நான், உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உன் நண்பனை உன் வாயாலேயே காட்டிக் கொடுக்க வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள், அந்தப் பையன் பேரப் போலீஸ்தான் எழுதச் சொன்னாங்களா என்று. அவளுக்கு எப்போதிருந்து சந்தேகமோ தெரியவில்லை. இல்லை என்றேன். பிறகு, "மொதல்ல அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறமா இவன்கிட்ட சொல்லலாம்" என்றாள். சமைத்தாள், பரிமாறினாள், என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போனேன். ரியாஸின் அப்பா வாங்கண்ணே என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார், டீ சொல்லிவிட்டார். ரியாஸ் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பாய், அந்த வரியைப் போலீஸ் கேக்கல, எம் பையனும் எழுதல, நான் எழுதினேன் என்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார். டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை. ரியாஸ் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினான். "நீங்க எழுதினீங்க, சரி. வாசிச்சது அவன்தானே. பாட்டு பூரா அவன் எழுதினதுன்னு அவனுக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தி, "போலீஸ் மிரட்டி வாங்கிட்டாங்கன்னே இருக்கட்டும். அன்னைக்கு சாயங்காலம் எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் பரண்லதான் உக்காந்திருந்தேன்" என்றான். அப்பா என்ற சொல் எங்கேயும் வரவில்லை. அதற்குப் பிறகு அடுத்த துளைக்குத் துணியை நகர்த்திக்கொண்டான்.

தம்பி, நான் அங்கே போனது எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுக்கொண்டு உன்னைச் சுத்தமாக வெளியே எடுத்துவிடலாம் என்றுதான். முடியவில்லை. எழுதியது நான், பொய் சொன்னது நான், இன்னொரு தடவை என்று கேட்டதும் நான். நீ அவனுக்கு போன் பண்ணாத அந்தச் சாயங்காலம் மட்டும் உன்னுடையதாக அங்கேயே இருக்கிறது. அதை நான் சுமக்கிறேன் என்றால் அவன் தர மாட்டேன் என்கிறான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கும்படி உன்னை வளர்த்தவன் நான். மைக் பிடிக்கிறவனுக்குச் சொந்தக் கருத்து கூடாது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொன்னவனும் நான்தான். நீ அதை மீறி வெளியே வந்து உன் தெருப் பெயரை உன் வாயால் சொன்னாய். உன்னை மறுபடி இழுத்து வந்து என் தாளை வாசிக்க வைத்தேன். இதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், ஊர் பார்க்கவே கேட்கிறேன்.

என்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன். அந்த வரியை எழுதியது நான்தான், யாரும் கேட்காமல் எழுதினேன் என்று ஸ்டேஷனில் கைப்பட மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இதெல்லாம் முடிஞ்ச கதைங்க என்றார். அவன் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் முடியலைங்க என்றேன். மறுபடி போவேன். காலி செய்கிற அறிவிப்பு எதையும் இனி வாசிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன், வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, அது கிடக்கட்டும். உன்னை மறுபடி பாடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாட்டு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரியாஸுக்கு போன் பண்ணு. நம்பர் மாறவில்லை, அவன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். முதல் தடவை எடுக்க மாட்டான். எடுத்தாலும் பேசாமல் இருப்பான், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். உனக்கு வாய் குழறும், என்ன சொல்வது என்று தெரியாது. தெரியாமலேயே பேசு. அதை நான் எழுதித் தர மாட்டேன்.

அப்பா